முப்பத்திரண்டுக்கு மேல் இரண்டு

சதுரங்கக் காய் என்பது இரண்டு விரல்களுக்கிடையே அடங்கும் பொருள். அதனை இரு கைகளாலும் கட்டித் தூக்கி, நடந்து சென்று, குனிந்து வைக்க வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினால் ஆட்டத்தின் விதிகள் மாறுவதில்லை. ஆடுவோரின் நிலைதான் மாறுகிறது. மேசையின் முன் அமர்ந்து ஆடுபவர், மலையுச்சியில் நின்று படையைப் பார்க்கும் தளபதியைப் போன்றவர். களம் முழுவதும் அவர் கண்ணில் அடங்கிவிடும். தரையில் விரிந்த களத்தில் ஆடுபவரோ படைக்கு நடுவே நிற்கிறார். ஒரு குதிரையின் பின்னே நிற்கும் காலாள் அவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம். காயை நகர்த்த வேண்டுமானால் அதன் எடையைத் தாங்க வேண்டும். அவ்வாறு தாங்கிப் பார்த்த பின்னரே ஒவ்வொரு காய்க்கும் உள்ள எடை மனத்திற் படுகிறது.

ஆடுவோர்க்கே இவ்வாறெனில், அக்காய்களைத் தம் கையால் செய்து, சாயம் பூசி, வெயிலிலும் மழையிலும் நிறுத்தியவர்க்கு அவை எவ்வளவு சொல்லியிருக்கும்! ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் அவ்வாறு செய்து நிறுத்தினார் ஒரு முதியவர்.

அவர் தோட்டத்துத் தச்சர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். லயத்து வீடுகளின் கதவும் சன்னலும், பள்ளியின் மேசையும் நாற்காலியும், திருவிழாக் காலத்தில் காவடித் தண்டும், துக்க காலத்தில் சவப்பெட்டியும் அவர் கையால் ஆனவை. தோட்டத்தில் ரப்பர் மரங்கள் அழிந்து செம்பனை நின்றது. லயங்கள் வெறிச்சோடின. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. பள்ளி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. மாணவர் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தபோதிலும், காலையில் அதன் மணி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மணி ஒலிக்கும் நேரத்தில் முதியவரும் மிதிவண்டியில் வந்து சேர்வார். ஆடும் மேசைக்கால், கழன்ற கதவுக்கீல், ஒழுகும் கூரை என்று அவருக்கு ஏதேனும் ஒரு வேலை எப்போதும் காத்திருக்கும். கூலி கேட்பதில்லை. தேநீரும் ஒரு ரொட்டியும் போதும் என்பார்.

சதுரங்கம் அவருக்கு இளமையிலேயே பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராணி வீட்டுத் திண்ணையில் இருவர் ஆடுவர். பலர் சுற்றி நின்று பார்ப்பர். பார்த்தே கற்றவர் அவர். திண்ணையில் கற்ற ஆட்டமாதலின் அதில் சில திண்ணை விதிகளும் கலந்திருந்தன. அவற்றுள் ஒன்று பிற்காலத்தில் அவரைத் தலைகுனிய வைத்தது.

2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை தமிழகத்தின் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. அதனையொட்டிச் சென்னையில் கூவம் ஆற்றின்மேல் உள்ள நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தீட்டினர். அப்பாலத்தின் படம் தமிழ் நாளிதழில் வந்திருந்தது. தலைமையாசிரியர் அதனை முதியவரிடம் காட்டினார். பள்ளியின் முன்புறத்தில், பழைய சபைக்கூடல் தளம் ஒன்று பாசி படிந்து கிடந்தது. தலைமையாசிரியரின் பார்வை படத்திலிருந்து தளத்துக்குச் சென்றது.

"இங்கே ஒரு களம் தீட்டி, பிள்ளைகள் தூக்கி ஆடும்படி காய்கள் செய்ய முடியுமா?"

"செய்யலாம் ஐயா" என்றார் முதியவர். எவ்வாறு என்பதை அவர் அப்போது எண்ணவில்லை.

எண்ணத் தொடங்கியது அன்றிரவுதான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு போட்டிகளுக்குப் பரிந்துரைக்கும் அளவுகளைத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். அரசர் 9.5 சென்டிமீட்டர், அரசி 8.5, மந்திரி 7, குதிரை 6, கோட்டை 5.5, காலாள் 5. ஒரு சதுரத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர். சதுரத்தின் பக்கம் காலாளின் அடிவட்டத்தைப் போல் இருமடங்காவது இருக்கவேண்டும்; அஃதாவது ஒரு சதுரத்தில் நான்கு காலாட்கள் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் பத்து மடங்காக்கினார். சதுரம் 55 சென்டிமீட்டர். எட்டுச் சதுரங்கள் சேர்ந்து 4.4 மீட்டர். அரசர் 95 சென்டிமீட்டர். ஏழு வயதுப் பிள்ளையின் மார்பளவு. இதுவரையில் கணக்கு இனிதாகவே நடந்தது.

எடைக்கு வந்தபோதுதான் இடித்தது. நீளம் பத்து மடங்கானால் அகலமும் ஆழமும் பத்துப் பத்து மடங்காகின்றன. ஆகவே எடை ஆயிரம் மடங்காகிறது. மேசைமேல் 40 கிராம் எடையுள்ள மரக்காய் தரைக்கு வரும்போது 40 கிலோவாகிவிடும். அதனைத் தூக்கப் பிள்ளைகளால் ஆகாது. ஆகவே பெரிய காய்கள் உள்ளீடற்றவையாக இருக்கவேண்டும். காலாட்கள் மட்டும் கட்டை மரமாக இருக்கலாம் என்று முடிவு செய்தார்.

முதலில் களம். பிள்ளைகளும் பெற்றோரும் கூடிய ஒரு சனிக்கிழமைக் கூட்டுப்பணியில் பாசி சுரண்டப்பட்டது. தளம் கழுவப்பட்டு ஒரு வாரம் காய்ந்தது. ஈரம் உள்ளே இருக்கும் சிமெண்டின்மேல் சாயம் பூசினால் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும். பின்னர் நூல் கட்டினார். மூன்றடி ஒரு பக்கம், நான்கடி மறுபக்கம், குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை செங்கோணம் என்னும் தச்சர் முறை அவருக்குக் கைவந்தது. ஆயினும் அதனோடு விடவில்லை. மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து, இரண்டும் 6 மீட்டர் 22 சென்டிமீட்டராக ஒத்த பின்னரே கோடு போட்டார்.

நிறத்தைப் பற்றியும் ஆராய்ந்தார். முதலில் ஒரே ஒரு சதுரத்துக்குக் கறுப்புப் பூசி, முற்பகல் பதினொரு மணிக்கு அதன்மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தார், நிற்க முடியவில்லை. வெள்ளைச் சதுரமோ கண்ணைக் கூசச் செய்தது. ஆகவே கறுப்புக்குப் பதில் கரும்பச்சையும், வெள்ளைக்குப் பதில் சந்தன நிறமும் வந்தன. மழை நாளில் வழுக்காதிருக்கச் சாயத்தில் நுண்மணல் கலந்தார். இரண்டு பூச்சுகள், அறுபத்து நான்கு சதுரங்கள். பூசி முடித்து அவர் முதுகை நிமிர்த்திய மாலையில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பள்ளித் தாழ்வாரத்துப் பக்கம் வந்து நின்று களத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"தாத்தா, வலக்கைப் பக்க மூலை வெளிர்நிறமாக இருக்கவேண்டும் அல்லவா?"

அவர் பார்த்தார். வலக்கை மூலையில் கரும்பச்சை. சதுரங்கத்தில் முதல் பாடமே அதுதான். இரண்டு வாரத்து உழைப்பும் அத்தனை சாயமும் வீணாயின என்று எண்ணி அவர் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். மாணவியோ களத்தைச் சுற்றி நடந்து, மேற்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இங்கிருந்து ஆடினால் சரியாகிவிடும் தாத்தா."

களத்தைத் திருப்ப வேண்டியதில்லை. நிற்கும் இடத்தைத் திருப்பினால் போதும். தாழ்வாரம் தெற்கே இருந்தது; தெற்கும் வடக்குமாக நின்று ஆடுவார்கள் என்று எண்ணியே அவர் தீட்டியிருந்தார். இப்போது கிழக்கும் மேற்குமாக நிற்க வேண்டியதாயிற்று. அதனால், காலை ஆட்டத்தில் மேற்கே நிற்பவர்க்கு வெயில் முகத்தில் அடிக்கிறது. அது தம் பிழைக்கு வெயில் வாங்கும் வட்டி என்பார் முதியவர்.

களம் ஆயிற்று. அடுத்துக் காய்கள். முப்பத்திரண்டு காய்களுள் பதினாறு காலாட்கள் என்பது அனைவரும் அறிந்த கணக்கே. ஆயினும் அது கையில் படும்போது வேறு பொருள் தருகிறது. மொத்த உழைப்பில் பெரும்பங்கு காலாட்களுக்கே செல்கிறது. அரசரை ஒரு பக்கத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். செய்யும்போது கைக்கும் உற்சாகம் இருக்கும். காலாளைப் பதினாறு முறை செய்யவேண்டும். பதினாறும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். குதிரைக்குக் குதிரை முகம் வேறுபட்டால் அது அழகு. காலாளுக்குக் காலாள் வேறுபட்டால் அது குறை.

காலாட்களுக்கு அவர் தேர்ந்தது ரப்பர் மரம். தோட்டத்தார் வாயில் அது பால்மரம். பக்கத்து நகரின் தளவாடப் பட்டறையில் துண்டுக் கட்டைகள் மலிவாகக் கிடைத்தன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அவர் எவரிடமும் சொல்லவில்லை. அவருடைய பாட்டனும் பாட்டியும், தந்தையும் தாயும் விடியுமுன் எழுந்து வெட்டிய மரம் அது. மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட மரத்திலேயே காலாட்களைச் செய்யவேண்டும் என்று அவர் உள்ளம் விரும்பியது. கட்டைகளை ஒட்டி, கடைந்து, தேய்த்து, 2022ஆம் ஆண்டு முடிவதற்குள் பதினாறையும் செய்து முடித்தார். ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. வெளிர்மஞ்சள் நிறத்தில், பால் மணம் மாறாத பிள்ளைகளைப் போல அவை பின்புறக் கொட்டகையில் வரிசையாக நின்றன.

மரத்தின் குணம் அவர் அறியாததன்று. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகவே பூஞ்சையும் துளைவண்டும் அதனை விரும்பும். மருந்து ஏற்றிய பலகை வீட்டுக்குள் நெடுங்காலம் உழைக்கும். வெளியே மழையில் நின்றால் மருந்து கரைந்து போய்விடும். இதனை அவரே பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆயினும் சாயம் பூசிவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்று அன்பு சொன்னது. அறிவு அதற்கு இணங்கிவிட்டது.

சாயம் பூசுமுன் மழை வந்தது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜொகூரைப் பெருவெள்ளம் தாக்கியது. பல்லாயிரம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறித் துயர் துடைப்பு மையங்களில் தங்கினர். பள்ளிக் கட்டடம் தப்பியது. தாழ்வான பின்புறக் கொட்டகையில் கணுக்கால் அளவு நீர் ஏறிப் பல நாள் நின்றது. நீர் வடிந்த பின் கதவைத் திறந்தபோது, காலாட்களின் உடம்பில் நீலமும் சாம்பலும் கலந்த கறை படர்ந்திருந்தது. ஒட்டிய இணைப்புகள் வாய் பிளந்திருந்தன. சில வாரங்களில், எஞ்சியவற்றின் அடியிலும் மெல்லிய மாவுத்தூள் குவியத் தொடங்கியது. வண்டு வேலையை முடித்துக்கொண்டிருந்தது. முதியவர் விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். பதினாறும் ஒரே மந்த ஒலியைத் தந்தன.

பள்ளி வாரியத்தில் பேச்சு எழுந்தது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் காய்களை வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். அதில் தவறும் இல்லை. முதியவர் மூன்று மாதம் தவணை கேட்டார். அவர் கேட்ட குரலில் இருந்த ஏதோ ஒன்றினால் மறுப்புச் சொல்ல எவர்க்கும் மனம் வரவில்லை.

இம்முறை அன்பை ஒதுக்கிவைத்து அறிவைக்கொண்டு தொடங்கினார். கட்டட வேலைத் தலங்களில் எஞ்சிய தடித்த பிளாஸ்டிக் நீர்க்குழாய்கள் காய்களின் உடலாயின. நீர் தாங்கும் ஒட்டுப்பலகை வட்டங்கள் அடியாகவும் கழுத்தாகவும் அமைந்தன. சாய்ந்துவிடாதிருக்க அடியில் மணற்பை வைத்து மூடினார். காலாளின் தலைக்கு, 18 மில்லிமீட்டர் பலகையில் அளவு குறைந்து செல்லும் பத்து வட்டங்களை அறுத்து, நடுவே ஒரு கம்பியில் கோத்து ஒட்டி, உருண்டையாக அரம் போட்டார். ஒரு தலைக்குப் பத்து. பதினாறு தலைகளுக்கு நூற்றறுபது வட்டங்கள். அவற்றை அறுத்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. நான்கு குதிரைகளின் முகங்களைச் செதுக்கியபோது காதுகள் இரு முறை ஒடிந்தன. மூன்றாம் முறை காதுகளைச் சிறிதாக்கிப் பிடரியோடு சேர்த்தார். அதனால் அப்பள்ளியின் குதிரைகள் சிறிது அஞ்சியவை போலத் தோன்றும்.

சாயம் பூசும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டார். முதலில் குழாயை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் சாயம் ஒட்டாது. ஒட்டுப்பலகையின் விளிம்புக்கு மும்முறை அடிச்சாயம் பூசவேண்டும். பலகை நீரைக் குடிப்பது விளிம்பின் வழியாகவே. கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்துக்கும் பூசவேண்டும். "தெரியாத இடம்தான் முதலில் அழுகும்" என்பார் அவர். காலையில் பூசியது பிற்பகல் இடிமழைக்குமுன் உலர்ந்துவிட வேண்டுமென்று பிள்ளைகள் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பூசினர். ஒரு படை வெள்ளை. மறு படை கருஞ்சிவப்பு. சில காய்களில் சிறு விரல்களின் தடம் பதிந்துவிட்டது. அவற்றை அவர் தேய்த்து எடுக்கவில்லை. காலாட்களின் அடியில் பிள்ளைகள் தத்தம் பெயரை எழுதிக்கொண்டதையும் அவர் தடுக்கவில்லை. அரசரின் அடியில் பெயர் எழுத ஒருவரும் கேட்கவில்லை என்பதை மட்டும் கவனித்தார்.

அந்நாட்களில் தலைமையாசிரியர் காய்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கம் என்ற பெயருக்குக் காரணம். இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகள் வழியே ஐரோப்பாவுக்கும் அது சென்றது. இன்று கோட்டை என்று வழங்கும் மூலைக்காய் பழைய மலாய்ச் சதுரங்கத்தில் 'தேர்' என்றே பெயர் பெற்றிருந்தது. தமிழ்ச் சொல் கடல் கடந்து வந்து மலாய்க் களத்தின் மூலையில் நின்றது. அரசரின் பக்கத்தில் நிற்கும் காய் முற்காலத்தில் அரசியன்று, அமைச்சர். மூலைவிட்டமாக ஒரே ஒரு கட்டம் நகரக்கூடிய எளிய காய். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஐரோப்பாவில் அது களத்தின் மிக வலிய காயாக மாறியது. எட்டாம் வரிசையை எட்டிய காலாளின் பேறும் அத்துடன் பெருகிற்று. அதுவரை தளர்ந்த அமைச்சராக ஆனவன் அதன்பின் பேராற்றல் உடைய அரசியாக ஆனான்.

முதல் ஆட்டம் நடந்த நாளில் பெற்றோர் பலர் வந்திருந்தனர். முதியவரின் மகளும் வந்திருந்தாள். ஜொகூர் பாருவில் தொழிற்சாலையில் பல்லாண்டு உழைத்துவிட்டு இப்போது சிறு தையற்கடை வைத்திருப்பவள் அவள். பிள்ளைகளுக்காகப் பலகாரம் செய்து எடுத்து வந்திருந்தாள். கருஞ்சிவப்புப் படைக்கு ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். வெள்ளைப் படைக்கு, மூலையின் பிழையைக் கண்ட அதே மாணவி.

ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. மாணவியின் காலாள் ஒன்று, எவரும் பெரிதாகக் கருதாத ஓரத்து வரிசையில், ஒவ்வொரு கட்டமாக ஏறி வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. கூட்டம் அப்போதுதான் அதனைக் கண்டது. மாணவி அதனை இரு கைகளாலும் தூக்கி எட்டாம் வரிசையில் வைத்தாள். பிறகு திரும்பி முதியவரைப் பார்த்தாள்.

"அரசி எங்கே தாத்தா?"

அரசி களத்தில் நின்றுகொண்டிருந்தாள், இன்னும் வெட்டுப்படவில்லை. இழந்துவிட்ட காயைத்தான் மீட்டுப் பெறலாம் என்பது திண்ணையில் அவர் கற்ற விதி. அதனாலேயே முப்பத்திரண்டு காய்கள் போதும் என்று இருந்துவிட்டார். அது பிழை என்று தலைமையாசிரியர் மெல்ல விளக்கினார். இருக்கும் அரசியோடு இன்னோர் அரசியையும் பெறலாம். இரண்டு, மூன்று கூடப் பெறலாம். காலாள் எட்டிய பின் அதற்குரியதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

மேசை ஆட்டமாயின், வெட்டுப்பட்ட கோட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்து அரசி என்று சொல்லிக்கொள்வர். போட்டி விதிகளோ அதனை ஏற்பதில்லை. கவிழ்த்து வைத்த கோட்டை கோட்டையாகவே கொள்ளப்படும். அந்தக் களத்தில் அதற்கும் வழியில்லை. மாணவியின் கோட்டைகள் இரண்டும் உயிரோடிருந்தன. கடைசியில், முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தியை அச்சதுரத்தில் நிற்கவைத்து, அவளே அரசி என்றனர். இத்தாலி நாட்டு மரோஸ்திக்கா நகரத்துச் சதுக்கத்தில் மனிதரே காய்களாக நின்று ஆடும் விழா உண்டு. 1954 முதல் பழங்கால உடையணிந்து அதனை நிகழ்த்தி வருகின்றனர். அது விழா, இது இல்லாமையை மறைக்க வந்த ஏற்பாடு. சிறுமி சொன்ன சதுரத்துக்கெல்லாம் ஓடினாள். வெயில் ஏறியது. மூன்று நகர்வுகளுக்குப் பின் அவள் சதுரத்திலேயே சம்மணமிட்டு அமர்ந்து, தண்ணீர் கேட்டாள். எல்லாரும் சிரித்தனர். மாணவி ஆட்டத்தை வென்றாள், கைதட்டினர், பலகாரம் உண்டு கலைந்தனர்.

முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. பலகாரத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தபடி நின்றார்.

1980களில் ஒரு டிசம்பர் மாதம். மூன்றாம் படிவத் தேர்வில் அவள் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, புகுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு மூன்று படிவங்கள். விடியுமுன் புறப்படும் தோட்டத்து லாரியில் அத்தனை ஆண்டுகளும் ஏறிச் சென்று படித்தவள். நான்காம் படிவத்துக்கு நகரத்துப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதத்தோடு அவள் வாசலில் நின்றாள். தங்க விடுதி வேண்டும். மாதந்தோறும் பணம் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. இல்லை என்பதைவிட, அவள் அவ்வளவு தூரம் வந்துவிடுவாள் என்று அவர் ஒருபோதும் எண்ணியிருக்கவில்லை என்பதே உண்மை. எண்ணியிருந்தால் ஐந்தோ பத்தோ வெள்ளி, ஆண்டுக்கணக்காகச் சேர்த்திருக்கலாம். அவள் அழவில்லை. அடுத்த மாதம் தொழிற்சாலைக்குப் போனாள். அனுப்பிய பணத்தில் தம்பிகள் படித்தனர். அதைப் பற்றி வீட்டில் அதன்பின் பேச்சே இல்லை.

காலாளுக்கு வழிவிட்டு, அது ஏறி வருவதை வேடிக்கை பார்த்து, எட்டியபின் கொடுக்க ஒன்றுமின்றி நிற்பது அவருக்கு அது இரண்டாம் முறை.

மறுநாளே பட்டறையைத் திறந்தார். மேலும் இரண்டு அரசிகள்; வெள்ளை ஒன்று, கருஞ்சிவப்பு ஒன்று. தலைமையாசிரியர், இப்போதெல்லாம் கடையில் விற்கும் காய்ப்பெட்டிகள் பலவற்றில் முப்பத்து நான்கு காய்கள் இருக்கும், கூடுதலாக இருப்பவை அரசிகளே என்று சொன்னபோது, "அப்படியானால் கடைக்காரனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை" என்றார். அரசியின் முடியில் உள்ள வளைவுகளுக்காக மட்டும் ஒரு வாரம் செலவிட்டார். முன்பு செய்த அரசிகளைவிட இவ்விரண்டும் திருத்தமாக அமைந்தன.

சாயம் பூச மகளை அழைத்தார். அவள் கடையை ஒரு நாள் மூடிவிட்டு வந்தாள். அடிச்சாயம் உலர்ந்த பின் வெள்ளை அரசியை உருட்டி அடிப்புறத்துக்குப் பூச முற்பட்டபோது, அங்கே தச்சர் எழுதுகோலால் எழுதிய பெயர் ஒன்று இருந்தது. அவள் பெயர். பிள்ளைகள் காலாட்களின் அடியில் எழுதியதைப் போலவே, ஆனால் நடுங்கிய எழுத்தில். அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பெயரை விட்டுச் சுற்றிலும் பூசினாள்.

"அந்த இடத்தில் நீர் ஏறிவிடும் அம்மா" என்றார் முதியவர்.

"அப்படியானால் அதற்கு ஏதாவது செய்யுங்கள் அப்பா" என்றாள் மகள்.

அவர் நிறமற்ற வார்னிஷைக் கொண்டுவந்து, பெயரின்மேல் மூன்று முறை பூசினார். அவர்களிடையே அதுபற்றி நடந்த பேச்சு அவ்வளவே.

2024 டிசம்பர் 12 அன்று, தெபராவ் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது பதினெட்டாம் வயதில் உலக வெற்றியாளரானார். பதினான்கு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் இறுதி ஆட்டத்தைத் தீர்த்தது ஒரு காலாள். கோட்டைகள் மாறி வெட்டுப்பட்டன. மந்திரிகள் மாறி வெட்டுப்பட்டன. எஞ்சிய களத்தில் குகேஷிடம் ஒரு காலாள் கூடுதலாக இருந்தது. அது எட்டாம் வரிசையை எட்டுவரை எதிராளி டிங் லிரென் காத்திருக்கவில்லை. தடுக்க இயலாது என்று கண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பள்ளியில் பிள்ளைகள் பெரிய களத்தில் அக்கடைசி நிலையை வைத்துப் பார்த்தனர். இருபக்கத்து அரசர்களும் சில காலாட்களும் மட்டுமே நின்ற களம் அவர்களுக்கு வெறுமையாகத் தோன்றியது. "இதில் என்ன இருக்கிறது?" என்றான் ஒருவன். முதியவர் அந்தக் காலாளைக் காட்டினார்.

களத்தின் சாயம் இப்போது சில இடங்களில் மங்கியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறைக்காலத்தில் மீண்டும் பூசுகின்றனர். முதியவர் இப்போது தூரிகை பிடிப்பதில்லை. தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து, விளிம்புக்கு மும்முறை பூசினார்களா என்று மட்டும் கேட்கிறார்.

ஆட்டம் தொடங்குமுன் முப்பத்திரண்டு காய்களையும் அவற்றின் இடங்களில் நிறுத்துவர். மீதி இரண்டையும் கொட்டகையில் விட்டுவைப்பதில்லை. வெள்ளை அரசியைக் கருஞ்சிவப்புப் படையின் பின்னேயும், கருஞ்சிவப்பு அரசியை வெள்ளைப் படையின் பின்னேயும், களத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்துகின்றனர். காலாட்கள் வந்து சேரவேண்டிய இடம் அது. பல ஆட்டங்களில் எந்தக் காலாளும் அங்கே வந்து சேர்வதில்லை. அரசிகள் இருவரும் வெயிலில் நின்றுவிட்டு மாலையில் கொட்டகைக்குத் திரும்புவர். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், ஆடாமல் நிற்கும் இவை யாருடையவை என்று கேட்பதுண்டு.

"வரப்போகிறவர்களுடையவை" என்பார் முதியவர்.